3டி படத்துக்கு முதலில் வெளிச்சம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரிய பட்ஜெட் படம் எது வந்தாலும், 'இதை 3டியில்தான் பார்க்க வேண்டுமா?' என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. படம் மங்கலாகத் தெரிகிறது, இடைவேளைக்குள் தலைவலி வந்துவிடுகிறது, கண்ணாடிக்குத் தனியாகக் காசு பிடுங்குகிறார்கள் என்று ரசிகர்கள் சொல்லும் குறைகள் உண்மையானவை. அவற்றை மறுக்க நான் இதை எழுதவில்லை. ஆனால் இந்தக் குறைகளை வைத்துக்கொண்டு, '3டி என்பதே டிக்கெட் விலையை ஏற்றும் தந்திரம், அதன் கதை முடிந்தது' என்று தீர்ப்பு எழுதுவது அநியாயம். மங்கலுக்கும் தலைவலிக்கும் காரணங்கள் தெரியும், அவற்றைச் சரிசெய்யும் வழிகளும் தெரியும். செலவையும் பொறுமையையும் மிச்சம் பிடிக்கப் போய்த்தான் அந்த வழிகளைக் கைவிட்டோம்.

வெளிச்சத்திலிருந்து தொடங்குகிறேன். வரும் புகார்களில் பெரும்பகுதி அங்கேதான் பிறக்கிறது. திரையின் வெளிச்சத்தை ஃபுட் லாம்பர்ட் என்ற அலகில் அளப்பார்கள். 2டி படத்துக்குத் திரையின் நடுவில் 14 ஃபுட் லாம்பர்ட் வெளிச்சம் இருக்க வேண்டும் என்பது டிஜிட்டல் சினிமாவின் உலகத் தர அளவு. 3டிக்கு, கண்ணாடி வழியாக அளக்கும்போது, 4.5 ஃபுட் லாம்பர்ட் கிடைத்தால் போதும் என்று துறையே இறங்கி வந்துவிட்டது. அதாவது மூன்றில் ஒரு பங்கு. பல அரங்குகளில் அதுவும் கிடைப்பதில்லை. 3 ஃபுட் லாம்பர்டுக்கும் கீழே படம் ஓடினால் இரவுக் காட்சியில் நடிகரின் முகமே தெரியாது. ஒளிப்பதிவாளர் பார்த்துப் பார்த்து வைத்த நிறமெல்லாம் சாம்பல் பூத்துவிடும்.

ஒளி எங்கே போகிறது? நம் ஊர் அரங்குகளில் பெரும்பாலும் ஒரே ப்ரொஜெக்டர்தான் இரண்டு கண்களுக்கும் உரிய படங்களை நொடிக்கு 144 முறை மாற்றி மாற்றிக் காட்டுகிறது. ஆகவே ஒவ்வொரு கண்ணுக்கும் பாதி நேரம் இருட்டு. மிச்சம் வரும் ஒளியில் பாதிக்கு மேல் லென்ஸுக்கு முன்னால் இருக்கும் போலரைசர், அதாவது ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி, தின்றுவிடுகிறது. பார்வையாளர் போட்டிருக்கும் கண்ணாடியும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. கடைசியில் ஒரு கண்ணுக்கு வந்து சேர்வது ஏறக்குறைய 15 சதவீதம். இந்த நஷ்டத்தை ஈடுகட்டத்தான் வெள்ளித்திரை எனப்படும் சில்வர் ஸ்க்ரீன் கட்டுகிறார்கள். போலரைஸ் ஆன ஒளியைக் கலைக்காமல் திருப்பி அனுப்புவதும் அந்த உலோகப் பூச்சுதான். சாதாரண வெள்ளைத் திரையில் இந்த முறை வேலையே செய்யாது. ஆனால் சில்வர் ஸ்க்ரீன் ஒளியை நடுவில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் வாரிக் கொடுக்கும். ஓர இருக்கைக்குப் போகப் போகப் படம் இருண்டுகொண்டே போகும். அதே திரையில் 2டி படம் ஓட்டினால் நடுவில் ஒரு வெளிச்சத் திட்டு தெரியும். அந்தத் திரையைத் துணியால் துடைக்கவும் கூடாது. கை பட்ட இடம் கறையாகவே நிற்கும்.

அடுத்தது பல்பு. ப்ரொஜெக்டருக்குள் இருக்கும் செனான் பல்பு எரிய எரிய மங்கும். நாளுக்கு 4 காட்சி, 12 மணி நேரம் என்று வைத்தால் ஒரே மாதத்தில் 360 மணி நேரம் எரிந்துவிடும். விலை அதிகம் என்பதால், ஆயுள் முடிந்த பிறகும் மாற்றாமல் ஓட்டுவது பல இடங்களில் வழக்கம். 2டியில் அதை யாரும் பெரிதாகக் கவனிக்க மாட்டார்கள். 3டியில் ஏற்கெனவே ஆறில் ஒரு பங்கு ஒளிதான் கண்ணுக்கு வருகிறது, அதிலும் கை வைத்தால் என்ன மிஞ்சும்? ஆபரேட்டர் கேபினின் ஜன்னல் கண்ணாடியில் தூசியோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் ஒளி இன்னும் குறையும். அந்தக் கண்ணாடியே தரமற்றதாக இருந்தால் போலரைசேஷன் கலைந்து, இடக்கண் படம் வலக்கண்ணிலும் மெலிதாகத் தெரியும். கறுப்பு வானத்தில் வெள்ளை எழுத்து வரும்போது பக்கத்தில் ஒரு பேய் எழுத்து தெரிகிறதே, அது இதுதான். இன்னொரு கொடுமையும் உண்டு. 3டி காட்சி முடிந்து அடுத்த காட்சி 2டி என்றால், லென்ஸுக்கு முன்னால் இருக்கும் வடிகட்டியை நகர்த்த வேண்டும். நகர்த்தாமல் விட்டால், பணம் கொடுத்து 2டி பார்க்க வந்தவருக்கும் இருட்டுப் படம்தான்.

லேசர் ப்ரொஜெக்டர் வந்ததில் 3டிக்குக் கிடைத்த பெரிய நன்மை இந்த ஒளிப் பிரச்சினை தீர்வதற்கு வழி பிறந்ததுதான். லேசரும் காலப்போக்கில் மங்கும். ஆனால் அது பல்லாயிரம் மணி நேரத்தில் மெதுவாக நடக்கும். வீணாகும் ஒளியைத் திருப்பிப் பயன்படுத்தும் வடிகட்டிகளும் வந்துவிட்டன. அவை போலரைசர் ஒதுக்கித் தள்ளும் ஒளியை ரசக் கண்ணாடிகளால் மடக்கித் திரைக்கே அனுப்புகின்றன. கிடைக்கும் ஒளி ஏறக்குறைய இரண்டு மடங்காகும். நல்ல லேசர் அரங்கில் ஒரு 3டி படம் பார்த்தவருக்குப் பழைய அரங்கின் 3டியை இனி ஏற்க மனம் வராது.

இனி படப்பிடிப்புக்கு வருகிறேன். மனிதனின் இரு கண்களுக்கு இடையே சராசரியாக 65 மில்லிமீட்டர் தூரம். அதனால் இரண்டு கேமராக்களையும் 65 மில்லிமீட்டர் தள்ளி வைத்தால் 3டி வந்துவிடும் என்றுதான் புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். கணக்கு வேறு மாதிரி வருகிறது. 40 அடி, அதாவது 12 மீட்டர் அகலத் திரையை எடுத்துக்கொள்வோம். தூரத்து மலை ஒன்றின் இடக்கண் படமும் வலக்கண் படமும் திரையில் 65 மில்லிமீட்டருக்கு மேல் விலகி நிற்கக் கூடாது. நின்றால் இரண்டு கண்களும் வெளிப்பக்கமாகத் திரும்ப வேண்டியிருக்கும். மனிதக் கண் அதற்குப் பழகியதில்லை. தலைவலியின் முதல் ஊற்று இங்கே இருக்கிறது. 12 மீட்டரில் 65 மில்லிமீட்டர் என்பது திரை அகலத்தில் 0.54 சதவீதம். 2,048 பிக்ஸல் அகலமுள்ள 2கே படத்தில் வெறும் 11 பிக்ஸல்.

இப்போது ஒரு ஷாட். நடிகர் 2 மீட்டர் தூரத்தில் நிற்கிறார், அவருக்குப் பின்னால் அடிவானம் வரை வெட்டவெளி. லென்ஸ் 25 மில்லிமீட்டர், சென்சாரின் அகலமும் ஏறக்குறைய 25 மில்லிமீட்டர். கேமராக்களுக்கு இடையே 65 மில்லிமீட்டர் வைத்து நடிகரைத் திரை மட்டத்தில் நிறுத்தினால், அதாவது அவருடைய இரு படங்களும் திரையில் ஒரே இடத்தில் விழும்படி வைத்தால், அடிவானம் திரை அகலத்தில் 3.25 சதவீதம் விலகும். 12 மீட்டர் திரையில் அது 39 சென்டிமீட்டர்! எந்தக் கண்ணாலும் அதை ஒன்று சேர்க்க முடியாது. அதே இடைவெளியை 20 மில்லிமீட்டராகக் குறைத்தால் மொத்த விலகல் 1 சதவீதம், அதாவது 12 சென்டிமீட்டர். அதில் ஏறக்குறைய 6.5 சென்டிமீட்டரை அடிவானத்துக்குக் கொடுத்துவிட்டு மிச்சம் 5.5 சென்டிமீட்டரை நடிகருக்குக் கொடுத்தால், அவர் திரைக்கும் நமக்கும் ஏறத்தாழப் பாதி வழியில் நிற்பார். போதும், அதற்கு மேல் வேண்டாம். அதே நடிகருக்குப் பின்னால், கேமராவிலிருந்து 4 மீட்டரில், ஒரு சுவர் இருந்தால் நிலைமை மாறுகிறது: இடைவெளியை 40 மில்லிமீட்டர் வரை ஏற்றலாம், மொத்த விலகல் அதே 1 சதவீதத்தில் நிற்கும். சிறிய அறையில் எடுத்த காட்சி நிறைவாகவும், திறந்தவெளியில் எடுத்தது அட்டை போலவும் சில படங்களில் தெரிவதன் கணக்கு இதுதான். ஷாட்டுக்கு ஷாட் இந்த எண்ணைப் போட்டுப் பார்ப்பதற்குத்தான் ஸ்டீரியோகிராஃபர் என்று ஒருவர் தேவைப்படுகிறார். அவர் ஒளிப்பதிவாளரின் பக்கத்தில் இருக்க வேண்டும், கலை இயக்குநர் செட் வரையும்போதே இருக்க வேண்டும்.

15 சென்டிமீட்டர் அகலமுள்ள இரண்டு கேமராக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 20 மில்லிமீட்டர் இடைவெளி கொண்டுவர முடியாது. அதனால்தான் பீம் ஸ்ப்ளிட்டர் ரிக், அதாவது ஒளியை இரண்டாகப் பிரித்து இரு கேமராக்களுக்கும் கொடுக்கும் தாங்கி. 45 டிகிரி சாய்வில் ஒரு பாதி ரசக் கண்ணாடி. ஒரு கேமரா அதை ஊடுருவிப் பார்க்கும், இன்னொன்று மேலிருந்தோ கீழிருந்தோ அதில் விழும் பிம்பத்தைப் பார்க்கும். ஒளி இரண்டாகப் பிரிவதால் ஆளுக்கு ஒரு ஸ்டாப், அதாவது பாதி ஒளி, போய்விடும்; விளக்குகளை இரண்டு மடங்காக்க வேண்டும். தண்ணீர், கார் கண்ணாடி, எண்ணெய் தடவிய தலைமுடி, நீல வானம் ஆகியவற்றிலிருந்து வரும் ஒளி ஏற்கெனவே போலரைஸ் ஆனது. ஊடுருவும் பாதைக்கும் பிரதிபலிக்கும் பாதைக்கும் அது வெவ்வேறு அளவில் போய்ச் சேரும். ஒரு கண்ணில் ஏரி மின்னும், மறுகண்ணில் மின்னாது. ரிக்கின் முகப்பில், போலரைஸ் ஆன ஒளியின் தன்மையை மாற்றும் கால் அலைத் தகடு ஒன்றைப் பொருத்தினால் இது பெருமளவு தீரும். பொருத்த மறந்தால் படப்பிடிப்புக்குப் பிறகு நிறம் திருத்தும் டிஐயில் எத்தனை நாள் உட்கார்ந்தாலும் முழுதாகச் சரியாகாது.

இதைவிட எளிதில் கண்ணுக்குத் தப்பும் கோளாறு ஒன்று உண்டு. சென்சார் ஒரு படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாகப் பதிகிறது. பிம்பத்தைப் பார்க்கும் கேமராவில் படம் தலைகீழாக விழுவதால், அது காட்சியைக் கீழிருந்து மேலாகப் பதியும். கேமரா நிற்கும்வரை வித்தியாசம் தெரியாது. வேகமாகத் திருப்பினாலோ பைக் குறுக்கே பாய்ந்தாலோ, ஒரு கண்ணில் கம்பம் இடப்பக்கம் சாயும், மறுகண்ணில் வலப்பக்கம் சாயும். ஒரு கேமராவையே தலைகீழாக மாட்டுவது அல்லது சென்சார் வாசிக்கும் திசையை மாற்றுவது தான் வழி. இரண்டு கேமராக்களும் ஒவ்வொரு ஃப்ரேமையும் ஒரே நொடியில் பதியும்படி ஒரே ஜென்லாக்கில் ஓட வேண்டும். லென்ஸ்கள் ஜோடியாகத் தேர்ந்தெடுத்தவையாக இருக்க வேண்டும். 1080 வரிகளில் நாலைந்து வரி ஒரு படம் மேலே ஏறி நின்றாலும் கண் அதைச் சரிக்கட்ட முயன்று களைத்துப்போகும். வெயிலில் உலோகம் விரிந்தால் ரிக் நகரும். அதனால் காலையில் ஒருமுறை அளந்தோம், முடிந்தது என்று விட முடியாது. ரசக் கண்ணாடியின் பூச்சு முன்பக்கம் இருக்கும். தூசி படிந்தால் காற்றால் ஊத வேண்டும், துணி போட்டால் கீறல்தான்.

இந்தச் சிக்கல்களெல்லாம் டிஜிட்டலோடு வந்தவை என்று நினைக்க வேண்டாம். 1984இல் நவோதயா நிறுவனம் தயாரித்து ஜிஜோ புன்னூஸ் இயக்கிய 'மை டியர் குட்டிச்சாத்தான்' என்ற மலையாளப் படம்தான் இந்தியாவின் முதல் 3டி படம். ஒளிப்பதிவு நம் அசோக்குமார், இசை இளையராஜா. அடுத்த ஆண்டே தமிழில் 'அன்னை பூமி' வந்தது. அந்தக் காலத்து முறையில் ஒரே 35 எம்எம் ஃபிலிமில் ஒரு ஃப்ரேமின் உயரத்தை இரண்டாக்கி, மேலே ஒரு கண், கீழே ஒரு கண் என்று பதிவார்கள். இரண்டு ப்ரொஜெக்டரை ஒரே வேகத்தில் ஓட்டும் தொல்லை இல்லை. 1950களில் அமெரிக்காவில் 3டி அலை எழுந்து ஓரிரு ஆண்டில் அடங்கியதற்கு அந்தத் தொல்லையும் ஒரு காரணம். ஆனால் இந்த முறையில் ஃபிலிம் அறுந்து, ஒட்டும்போது பாதி ஃப்ரேம் பிசகினால், இடக்கண் படம் வலக்கண்ணுக்குப் போய்விடும். அருகில் இருப்பது தூரத்திலும் தூரத்தில் இருப்பது அருகிலும் தெரியும். இத்தனை இடைஞ்சலோடும் மக்கள் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. ஆழம் தெரியும் படத்தின் மீது மக்களுக்கு உள்ள ஆசை நிஜமானது.

பிறகு அந்த ஆசையைக் குலைத்தது எது? என் கணிப்பில், அவசர அவசரமாகச் செய்த கன்வெர்ஷன். 2டியில் எடுத்த படத்தை 3டியாக மாற்றுவது தவறே இல்லை. ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஒவ்வொரு பொருளின் ஓரத்தையும் வெட்டி எடுத்து, அதற்கு ஆழம் கொடுத்து, பொருள் நகர்ந்ததும் பின்னால் வெளிப்படும் வெற்றிடத்தை வரைந்து நிரப்ப வேண்டும். இரண்டரை மணி நேரப் படத்தில் 2,16,000 ஃப்ரேம். 'டைட்டானிக்' 2012இல் 3டியாக மறுபடி வந்தபோது அந்த மாற்றத்துக்கு 60 வாரமும் ஏறக்குறைய 1 கோடியே 80 லட்சம் டாலரும் ஆயின. 'கிளாஷ் ஆஃப் த டைட்டன்ஸ்' 2010இல் 10 வாரங்களில் மாற்றப்பட்டது. முகமும் முடியும் தனித்தனி அட்டைகளாகத் தெரிந்தன, உலகம் முழுக்க 3டியின் பெயர் கெட்டது. இந்த வேலையில் பெரும்பகுதியை மும்பையிலும் புனேயிலும் இந்தியக் கலைஞர்கள் செய்துதருகிறார்கள். கைத்திறனுக்குக் குறைவில்லை. அவர்களுக்குக் கொடுக்கும் நாள்கள்தான் குறைவு.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, கன்வெர்ஷன் ஒரு பட்டனில் முடிந்துவிடும் என்கிறார்கள். ஆழத்தைக் கணிக்கும் மென்பொருள் நன்றாகவே முன்னேறியிருக்கிறது. தடிமனான பொருள்களில், நிலையான ஷாட்டில், முதல்கட்ட வேலையை அது வெகுவாகக் குறைத்துவிடும். ஆனால் மல்லிகைச் சரத்தின் நுனி, மெல்லிய முந்தானை, சாம்பிராணிப் புகை, மழை ஆகியவற்றில் இன்னும் தடுமாறுகிறது. ஃப்ரேமுக்கு ஃப்ரேம் கணிப்பு மாறுவதால் ஓரங்கள் நெளியும். நிலைக்கண்ணாடியில் தெரியும் முகத்துக்குக் கண்ணாடியின் மட்டத்தில் ஆழம் கொடுத்துவிடும். உண்மையில் அந்த முகம் கண்ணாடிக்கு அப்பால் அதே அளவு தூரத்தில் இருப்பதாகத்தான் நம் கண் பார்க்கும். இவற்றைத் திருத்த மனிதக் கை வேண்டும், நாள் வேண்டும். கன்வெர்ஷன்தான் வழி என்று முடிவெடுத்த தயாரிப்பாளர் அதைப் படப்பிடிப்புக்கு முன்பே முடிவெடுக்கட்டும். அப்போது ஆள் இல்லாத வெற்று ஷாட்டை ஒவ்வொரு செட்டப்பிலும் எடுத்துவைக்கலாம், லென்ஸையும் தூரத்தையும் குறித்துவைக்கலாம், கிராஃபிக்ஸ் அடுக்குகளைத் தனித்தனியாகக் கேட்டு வாங்கலாம். இப்படிச் செய்தால் மாற்றிய படமும் நன்றாக இருக்கும். 'கிராவிட்டி'யில் நடிகர்களின் காட்சிகள் மாற்றப்பட்டவை. கணினியில் உருவான விண்வெளி நேரடியாகவே இரு கண்களுக்கும் வரையப்பட்டது. பார்ப்பவருக்கு இரண்டும் ஒட்டியது தெரியாது.

நம் திரைமொழியில் 3டிக்கு ஒத்துவராத பழக்கங்கள் சில உண்டு. நாயகன் நடந்துவரும் ஸ்லோமோஷனை, தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் 200 மில்லிமீட்டர் லென்ஸில் எடுப்போம். 3டியில் அவர் தட்டையான கட்அவுட்டாகத் தெரிவார். 18 முதல் 35 மில்லிமீட்டர் லென்ஸோடு கேமரா அருகே போனால்தான் தோளுக்கும் மார்புக்கும் பருமன் வரும். இருவர் பேசும் காட்சியில் ஒருவரின் தோளைத் தாண்டி எடுக்கிறோம். அந்தத் தோள் திரைக்கு முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும், ஆனால் ஃப்ரேமின் ஓரம் அதை வெட்டும். திரை பின்னால் இருக்கிறது, முன்னால் இருக்கும் தோளை அது எப்படி வெட்டும் என்று மூளை குழம்பும். ஒரு கண்ணின் படத்தில் மட்டும் ஓரத்தைக் கறுப்பாக்கி, திரையின் விளிம்பே முன்னால் வந்ததுபோல் காட்டி இதைச் சமாளிக்கலாம். சண்டைக் காட்சியில் ஒரு நொடிக்கும் குறைவாக ஷாட்டுகள் மாறும்போது, ஆழமும் ஷாட்டுக்கு ஷாட் தாவினால் கண்ணால் தொடர முடியாது. வேகமான வெட்டுகளில் ஆழத்தைத் திரை மட்டத்தை ஒட்டிச் சுருக்கி, நீண்ட ஷாட்டில் விரிக்க வேண்டும். எடிட்டர் இதைத் தன் மேசையிலேயே 3டி மானிட்டரில் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

இன்னொன்று, கவனிக்கப்படாமலே இருப்பது. புகை பிடிக்கும் காட்சிகளில் திரையின் அடியில் எச்சரிக்கை வாசகம் போடுவது சட்டம். நல்ல சட்டம். ஆனால் அந்த வாசகத்தைக் கடைசி நேரத்தில் திரை மட்டத்தில் ஒட்டிவிடுகிறார்கள். அதே இடத்தில் மேசை விளிம்போ நடிகரின் முழங்காலோ திரைக்கு முன்னால் வந்திருந்தால், பின்னால் இருக்க வேண்டிய எழுத்து முன்னால் இருக்கும் பொருளின் மேல் தெரியும். அப்படி ஒன்று இயற்கையில் நடக்காது, கண் கூசும். அந்தப் பகுதியில் மிக அருகில் வந்திருக்கும் பொருளின் ஆழத்தை அளந்து, எழுத்தை அதைவிடச் சற்று முன்னால் வைத்தால் போதும். ஒரு ரீலுக்கு ஒரு மணி நேர வேலைகூட ஆகாது. சப்டைட்டிலுக்கும் இதே விதிதான்.

இத்தனை பாடுபட்டு 3டி எதற்கு என்று கேட்கலாம். கதை ஓர் இடத்தைப் பற்றியதாக, உயரத்தை, வெறுமையை, நெருக்கத்தைப் பற்றியதாக இருக்கும்போது, 2டி சொல்ல முடியாத ஒன்றை 3டி சொல்லும். 'லைஃப் ஆஃப் பை' படத்தில் அசையாத கடலில் படகு மிதக்கும் காட்சியின் தனிமை ஆழத்தால் வருவது. அந்தப் படத்தின் ஒரு பகுதி புதுச்சேரியில் எடுக்கப்பட்டது என்பது நமக்குப் பெருமை. 2009 முதல் 2013 வரை வந்த படங்களில், ஒளிப்பதிவுக்கான ஆஸ்கர் விருது ஐந்தில் நான்கு முறை 3டி படங்களுக்குத்தான் போனது. ஜெர்மன் இயக்குநர் விம் வெண்டர்ஸ் 2011இல் நடனக் கலைஞர் பினா பௌஷின் நடனத்தை 3டியில் எடுத்தார். இன்னொரு ஜெர்மன் இயக்குநர் வெர்னர் ஹெர்சாக், பிரான்சில் உள்ள ஷோவே குகையின் ஆதிமனித ஓவியங்களை எடுத்தார். அந்த ஓவியங்கள் பாறையின் வளைவையும் புடைப்பையும் கணக்கில் வைத்து வரையப்பட்டவை. தட்டையான படத்தில் அந்தப் புத்திசாலித்தனம் தெரியாது.

மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுப் பாறையை யாராவது இப்படி எடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. புடைப்புச் சிற்பத்தின் உயிர் அதன் ஆழத்தில் இருக்கிறது. பளீர் வெயிலில் எடுக்கும் சாதாரணப் படத்தில் யானைக்கூட்டம் பாறையோடு ஒட்டிப்போய்விடுகிறது. 20 மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் கண்ணளவு இடைவெளி போதாது, கேமராக்களை 30 சென்டிமீட்டர் வரை பிரிக்க வேண்டியிருக்கும். அப்படிப் பிரித்தால் பாறை பொம்மை அளவில் தெரியும் ஆபத்தும் உண்டு. ஆகவே நெருங்கிப் போய், 3 மீட்டரில், 4 சென்டிமீட்டர் இடைவெளியில், மெல்ல நகரும் கேமராவில் எடுப்பதே மேல். தெருக்கூத்தும் அப்படித்தான். கட்டை கட்டி, கிரீடம் வைத்துச் சுழலும் உடம்பின் பருமனும், கூத்தர் களத்தில் எடுத்துக்கொள்ளும் இடமும் 2டி பதிவில் காணாமல் போகின்றன. இவற்றுக்கு நூறு கோடி பட்ஜெட் தேவையில்லை.

எதிர்காலம் என்று பார்த்தால், வீட்டுத் தொலைக்காட்சியில் 3டி முடிந்த கதை. சாம்சங் 2016இலும், எல்ஜியும் சோனியும் 2017இலும் நிறுத்திவிட்டன. தொலைக்காட்சி பார்க்கும்போது யாரும் கண்ணாடி போட்டுக்கொண்டு சமையலறைக்கும் கூடத்துக்கும் நடமாட மாட்டார்கள். தலையில் மாட்டும் கருவிகளில் விஷயம் வேறு. ஒவ்வொரு கண்ணுக்கும் தனித் திரை. போலரைசர் இல்லை, ஒளி நஷ்டம் இல்லை, பேய் உருவம் இல்லை. ஆப்பிள் விஷன் ப்ரோ 2024 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தபோதே 3டி படங்களோடு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஜேம்ஸ் கேமரூனின் லைட்ஸ்டார்ம் விஷன் நிறுவனம், ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமும் இத்தகைய கருவிகளைச் செய்வதுமான மெட்டாவோடு கைகோத்தது. விலையும் எடையும் இன்று சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாதவை. இரண்டு மணி நேரம் தலையில் சுமப்பதும் கடினம். கண் ஒரு தூரத்தில் குவிய, பார்வை இன்னொரு தூரத்தில் சேரும் பழைய முரண்பாட்டை அவையும் தீர்க்கவில்லை. ஆனாலும் அரங்கை விட்டு இறங்கிய 3டி படத்துக்கு இரண்டாவது ஒரு வாழ்வு இங்கே உண்டு. ஆகவே தயாரிப்பாளர்கள் இரு கண்களுக்கும் உரிய மாஸ்டர்களை, அதாவது மூலப் பிரதிகளை, முழுத் தெளிவில், தனித்தனியாக, எழுத்து எதுவும் ஒட்டாமல், ஓரம் கறுப்பாக்காமல் பத்திரப்படுத்த வேண்டும். 12 மீட்டர் திரைக்குப் போட்ட 0.54 சதவீதக் கணக்கு வேறு அளவுத் திரைக்குப் பொருந்தாது. 65 அங்குலத் திரையில் அதே 65 மில்லிமீட்டர் என்பது அகலத்தில் 4.5 சதவீதம். மாஸ்டர் கையில் இருந்தால்தான் ஆழத்தை அந்தந்தத் திரைக்கு ஏற்ப மறுபடி அமைக்க முடியும்.

நடைமுறையில் நான் கேட்பவை சிலவே. விளம்பரத்தில் '3டியில் எடுக்கப்பட்டது' அல்லது '3டிக்கு மாற்றப்பட்டது' என்று தெளிவாகப் போடட்டும். '2.0', 'பரோஸ்' போல நேரடியாக 3டியில் எடுக்கப் பாடுபட்டவர்களுக்கு அந்த அங்கீகாரமாவது கிடைக்கும். அரங்குகள் வாரம் ஒருமுறை கண்ணாடி வழியாக ஒளியை அளந்து, டிக்கெட் கவுன்டரில் எழுதி வைக்கட்டும். அளக்கும் மீட்டர் ஒன்று வாங்கினால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். மாறுகண், ஒரு கண்ணில் பார்வைக் குறைவு போன்ற காரணங்களால் ஆழம் தெரியாதவர்கள் நூற்றில் சிலர் எப்போதும் இருப்பார்கள். அவர்களுக்காக அதே ஊரில் அதே நாளில் ஒரு 2டி காட்சியாவது இருக்க வேண்டும். தரமணி எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் ஒளிப்பதிவு மாணவர்களுக்கு ஸ்டீரியோ பயிற்சி சேர்க்கலாம். இரண்டு சிறிய மிரர்லெஸ் கேமரா, 45 டிகிரியில் ஒரு பாதி ரசக் கண்ணாடி, உள்ளே கறுப்புத் துணி ஒட்டிய பெட்டி, நகர்த்த ஒரு அலுமினியத் தண்டு இருந்தால் மேலே சொன்ன கணக்கு அத்தனையும் கையால் செய்து கற்றுக்கொள்ள முடியும்.

உங்கள் விமர்சகர்களிடமும் ஒரு வேண்டுகோள். 3டி படத்துக்கு விமர்சனம் எழுதும்போது, எந்த அரங்கில் பார்த்தார்கள், லேசர் ப்ரொஜெக்டரா செனானா, படம் 3டியில் எடுத்ததா மாற்றியதா என்று ஒரே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். பார்க்கப் போகிறவருக்கு எங்கே போய்ப் பார்ப்பது என்று தெரியும், இருட்டில் ஓட்டுகிற அரங்குக்கும் பல்பை மாற்றத் தோன்றும்.

இப்படிக்கு,
திரைப்படத் தொழில்நுட்பத் துறை வாசகர்,
வடபழனி, சென்னை